ஆட்டம் ஓடும்போதே விதியை மாற்றலாம்: இண்டி கேம் டெவலப்பர்களில் சிலர் லிஸ்ப்பை விடாமல் பிடித்திருப்பது ஏன்?

ஒரு சின்னக் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

ஒருவர் இரண்டு வருடமாக, ஆபீஸ் வேலை முடிந்து வந்து இரவுகளில் உட்கார்ந்து, தனி ஆளாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறார். ஓடி, தாவி, மேடைக்கு மேடை குதிக்கும் ரகம். இன்றைக்குத்தான் முதல்முறையாக நண்பரைக் கூப்பிட்டு, கன்ட்ரோலரைக் கையில் கொடுத்து, "ஆடிப் பாருடா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பள்ளம் வருகிறது. நண்பர் ஓடி வந்து பட்டனை அமுக்குகிறார். கதாபாத்திரம் தாவாமல் பள்ளத்தில் விழுகிறது. மறுபடியும் விழுகிறது. ஐந்தாவது தடவை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "நான் அமுக்குறேன் மச்சான், அது தாவவே மாட்டேங்குது. கன்ட்ரோல் சரியில்ல" என்கிறார்.

கேம் செய்தவருக்கோ கன்ட்ரோலில் எந்தக் கோளாறும் இல்லை என்று நன்றாகத் தெரியும். நண்பர் பட்டனை அமுக்கிய நேரத்தில் கதாபாத்திரத்தின் கால் விளிம்பைத் தாண்டிவிட்டது. காற்றில் நிற்பவர் எப்படித் தாவ முடியும்? கணக்குப்படி அது விழுந்ததுதான் சரி.

இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? அதைவிட முக்கியமாக, எவ்வளவு நேரத்துக்குள் செய்ய வேண்டும்?

கம்ப்யூட்டர் உலகின் மிகப் பழைய மொழிகளில் ஒன்றான லிஸ்ப்பை, சில கேம் டெவலப்பர்கள் இன்றும் விடாமல் பிடித்திருப்பதன் காரணம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

நண்பர் சொன்னது பொய்யா?

இல்லை. அவர் சொன்ன காரணம்தான் தப்பு, உணர்ந்தது உண்மை. கேம் செய்பவர்கள் மத்தியில் பல காலமாக இருக்கும் அனுபவப் பாடம் இது. எங்கே வலிக்கிறது என்று ஆடுபவர் சரியாகச் சொல்வார். ஏன் வலிக்கிறது, என்ன மருந்து என்று அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

2018-ல் வெளியான 'செலஸ்ட்' என்ற புகழ்பெற்ற இண்டி கேம் இதற்கு நல்ல உதாரணம். மலையேறும் ஒரு பெண்ணின் கதை. பயங்கரக் கஷ்டமான ஆட்டம்தான், ஆனால் அநியாயமாகத் தோற்றுவிட்டோம் என்று யாருக்கும் தோன்றாது. அதற்கு ஒரு ரகசியம் உண்டு. விளிம்பைத் தாண்டிய பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாவ அனுமதிக்கிறது அந்த கேம். இந்தச் சலுகைக்கு 'கயோட்டி டைம்' என்று பெயர். ரோட் ரன்னர் கார்ட்டூனில் அந்த ஓநாய் மாதிரியான பிராணி பாறையைத் தாண்டி ஓடி, காற்றில் ஒரு கணம் நின்று, கீழே பார்த்த பிறகுதானே விழும்? அங்கிருந்து வந்த பெயர்.

விநாடியில் பத்தில் ஒரு பங்கு. இதை 0.05 ஆக்கினால் பழைய எரிச்சல் திரும்பிவிடும். 0.3 ஆக்கினால் காற்றில் நடப்பது போலிருக்கும், ஆட்டமே கேலிக்கூத்தாகிவிடும். சரியான எண்ணை எந்த ஃபார்முலாவும் தராது. ஒருவர் ஆட வேண்டும், பக்கத்தில் ஒருவர் பார்க்க வேண்டும், எண்ணை மாற்ற வேண்டும், மறுபடி ஆட வேண்டும். வேறு வழியே கிடையாது.

இதில் பணமும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் பெரிய சந்தையான ஸ்டீமில், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பெரிய கம்பெனி கேம் என்றால் விளம்பரம் தாங்கும், பெயர் தாங்கும். தனி ஆளின் கேமுக்கு அந்த முதல் இரண்டு மணி நேரம்தான் எல்லாமே. மூன்றாவது நிமிடப் பள்ளத்தில் ஐந்து தடவை விழுந்தவர் ஆறாவது தடவைக்குக் காத்திருப்பார் என்று எந்த நம்பிக்கையும் இல்லை.

சாம்பாரில் உப்பு பார்க்கும் நேரம்

பெரும்பாலான மொழிகளில் வழக்கமாக நடப்பது இதுதான். எண்ணை மாற்றுவதற்கு கேமை நிறுத்த வேண்டும். நிரலை மாற்றி, கம்பைல் செய்து, மறுபடி ஓடவிட்டு, மெனுவைத் தாண்டி, முதல் இரண்டு நிமிடத்தைத் திரும்ப ஆடி, அந்தப் பள்ளத்துக்கு வந்து சேர வேண்டும். சின்ன கேம் என்றால் ஒரு நிமிடம். பெரிய கேம் என்றால் அதைவிடப் பல மடங்கு. அதற்குள் நண்பர் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்திருப்பார். விரலில் இருந்த அந்த உணர்வும் போய்விடும். "இப்ப முன்னைவிடப் பரவாயில்லையா?" என்று கேட்டால், "ம்ம்... அப்படித்தான் நினைக்கிறேன்" என்பார். இந்தப் பதிலால் எந்த உபயோகமும் இல்லை.

வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதே கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பார்கள். உப்பு கம்மி என்றால் அப்போதே போடுவார்கள். இறக்கி, பரிமாறி, எல்லோரும் சாப்பிட்டு, "உப்பு கம்மி" என்று சொன்ன பிறகு பருப்பை வேகவைப்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? பல புரோகிராமர்கள் தினமும் அப்படித்தான் சமைக்கிறார்கள். பழகிவிட்டதால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

லிஸ்ப்பில் எழுதிய கேமில், கதாபாத்திரம் அந்த விளிம்பில் நின்றுகொண்டிருக்கும்போதே டெவலப்பர் பக்கத்து ஜன்னலில் ஒரு வரியை மாற்றி ஒரு ஷார்ட்கட்டைத் தட்டுவார். கேம் நிற்காது. நண்பருக்கு எதுவும் மாறியதே தெரியாது. அடுத்த தாவலே புது விதிப்படி நடக்கும்.

அப்படி என்ன இருக்கு இந்த மொழியில?

லிஸ்ப் 1958-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது. பார்த்தவுடன் கண்ணில் படுவது அடைப்புக்குறிகள்தான். இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமானால் இப்படி எழுத வேண்டும்:

(+ 2 3)

எல்லாமே இதே அச்சு. முதலில் என்ன செய்ய வேண்டும், அப்புறம் எவற்றை வைத்து. புரிவதற்காகத் தமிழில் எழுதிக் காட்டினால், நம் டெவலப்பர் தட்டிய வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

(வை சலுகை-நேரம் 0.1)

இதை ஒரு ஃபைலில் எழுதி மூடி வைக்க வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கே நேராக அனுப்பலாம். அதற்கு 'ரெப்பிள்' என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. நீங்கள் ஒன்றைத் தட்டினால் படிக்கும், செய்து பார்க்கும், விடையைக் காட்டும், அடுத்ததற்குக் காத்திருக்கும். பைத்தான் பழகியவர்களுக்கு இது புதிதில்லை; அங்கேயும் இதே போல ஒன்று உண்டு. ஆனால் பைத்தானில் அது பெரும்பாலும் ஒத்திகை பார்க்கும் இடம். லிஸ்ப்காரர்களுக்கு அதுதான் வேலை செய்யும் இடமே.

ஓடும் புரோகிராமை மாற்ற முடிவது எப்படி? உங்கள் போனில் 'பிளம்பர்' என்று ஒரு பெயரைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள். ஆள் மாறிவிட்டார் என்றால் பெயரை அப்படியே விட்டுவிட்டு நம்பரை மட்டும் மாற்றுகிறீர்கள். அடுத்த தடவை 'பிளம்பர்' என்று அழைத்தால் புது ஆள் எடுப்பார். லிஸ்ப் புரோகிராமில் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, சாதாரணமாக இப்படிப் பெயரைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறது. 'தாவு' என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் ஃபங்ஷனை நீங்கள் மாற்றிவிட்டால், அடுத்த அழைப்பு புதியதற்குப் போகும். கம்பைல் செய்து மூடி முத்திரை வைத்த மற்ற பல புரோகிராம்களில், நம்பர் கல்வெட்டில் செதுக்கியது மாதிரி. மாற்ற வேண்டுமென்றால் கல்லையே மாற்ற வேண்டும்.

எண்ணையும் ஃபங்ஷனையும் மட்டுமல்ல. காமன் லிஸ்ப் என்ற வகையில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். திரையில் 200 எதிரிகள் உலவிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று, ஒவ்வொருவருக்கும் 'கோபம்' என்று ஓர் அளவு இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. 'எதிரி' என்றால் என்ன என்ற வரையறையை மாற்றி எழுதினால், ஏற்கெனவே உலவிக்கொண்டிருக்கும் அந்த 200 பேருக்கும் கோபம் வந்து சேர்ந்துவிடும். புதிதாகப் பிறப்பவர்களுக்கு மட்டும் அல்ல. மொழியின் அதிகாரபூர்வ வரையறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பிழை வரும்போது நடப்பது. வேறு மொழியில் எழுதிய கேமில் கவனிக்காத பிழை வந்தால் ஆட்டம் மொத்தமாகப் படுத்துவிடும். அதுவரை ஆடியது போச்சு. காமன் லிஸ்ப்பில் டெவலப் செய்யும்போது பிழை வந்தால், ஆட்டம் அந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். 'என்ன செய்யலாம்? திரும்ப முயலவா, இதை விட்டுவிட்டுப் போகவா?' என்று கேட்கும். நீங்கள் நிதானமாகப் போய் தப்பான ஃபங்ஷனைத் திருத்திவிட்டு வந்து 'திரும்ப முயல்' என்று சொன்னால், விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். ஆடிக்கொண்டிருந்த நண்பருக்கு ஒரு நிமிடம் திரை நின்றது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

லிஸ்ப்புக்கும் கேமுக்கும் பழைய உறவு

ஆரம்பத்தில் லிஸ்ப் காகிதத்தில்தான் இருந்தது. மெக்கார்த்தி எழுதிய ஒரு கோட்பாட்டு வரையறையைப் பார்த்து, இதை நேரடியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாமே என்று சொல்லி, ஐ.பி.எம் 704 இயந்திரத்தில் எழுதியே காட்டியவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அதே ஸ்டீவ் ரஸ்ஸல்தான் 1962-ல் 'ஸ்பேஸ்வார்' என்ற கேமையும் எழுதினார். வீடியோ கேம் வரலாற்றின் முதல் பக்கங்களில் இருக்கும் பெயர் அது.

ஸ்பேஸ்வார் லிஸ்ப்பில் எழுதப்பட்டதல்ல. ஆனால் ஃபீட்பேக் கதையில் அதற்கு இடம் உண்டு. கேமின் பின்னணியில் ரஸ்ஸல் ஏனோதானோ என்று சில புள்ளிகளை நட்சத்திரமாகத் தூவியிருந்தார். சக புரோகிராமரான பீட்டர் சாம்சனுக்கு அது பொறுக்கவில்லை. உண்மையான வானத்து நட்சத்திரங்களின் இடத்தைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு புரோகிராமை எழுதிக் கேமில் சேர்த்துவிட்டார். டான் எட்வர்ட்ஸ் என்பவர் நடுவில் சூரியனின் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். ஆட்டத்தின் சுவாரசியமே அதற்குப் பிறகு மாறிப்போனது. குறை சொன்னவர்களே உட்கார்ந்து திருத்திக் கொடுத்த காலம் அது. இன்றைய டெவலப்பர்களைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

லிஸ்ப்பை வைத்தே பெரிய கேம் எடுத்தவர்கள் அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனத்தார். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்', 'அன்சார்ட்டட்' கேம்களால் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1990-களில் அது சின்னக் கூட்டம். அதை ஆரம்பித்த இருவரில் ஒருவரான ஆண்டி கேவின் எம்.ஐ.டி-யில் படித்தவர், லிஸ்ப் பைத்தியம். 1996-ல் வந்த 'கிராஷ் பாண்டிகூட்' கேமில் பிராணிகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதுவதற்காகவே லிஸ்ப் மாதிரியான 'கூல்' என்ற மொழியை அவர் உருவாக்கினார்.

அடுத்து ப்ளேஸ்டேஷன் 2 வந்தது. இந்தத் தடவை அவர்கள் இன்னும் துணிந்து, 'கோல்' என்ற முழு மொழியையே உருவாக்கினார்கள். 2001 டிசம்பரில் வந்த 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' கேம் கிட்டத்தட்ட முழுவதும் அதில் எழுதப்பட்டது. ப்ளேஸ்டேஷன் 2-ன் பிரதான நினைவகம் வெறும் 32 எம்.பி. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோவே அதைவிடப் பெரிது. அந்தச் சின்ன இடத்துக்குள், புரோகிராமர் தன் மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தினால், அது மட்டும் கம்பைல் ஆகி, கேபிள் வழியாகப் போய், ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்குள் உட்கார்ந்துகொள்ளும். கேமை மறுபடி ஆரம்பிக்க வேண்டியதில்லை. ஒரு தாவலின் உயரத்தை, ஓர் எதிரியின் சுபாவத்தை, கேமரா திரும்பும் வேகத்தை அவர்கள் ஆடிக்கொண்டே செதுக்கினார்கள்.

கேம் வெளிவந்த பிறகு, எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது என்று நிறுவனத்தின் சார்பில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் இந்த மொழி இரண்டு பட்டியலிலுமே இடம்பெற்றது! நன்மை என்ன என்று மேலே பார்த்தோம். தீமை? அந்த மொழியைக் கட்டிக்காக்க வேண்டிய பாரம் ஆண்டி கேவினின் நேரத்தைத் தின்றது. புதிதாக வேலைக்கு வருபவர் யாருக்கும் அந்த மொழி தெரியாது. 2001-ல் சோனி அந்த நிறுவனத்தை வாங்கியபோது, சோனியின் மற்ற ஸ்டுடியோக்களோடு நிரலைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை. கடைசியில் ப்ளேஸ்டேஷன் 3 காலத்தில் அவர்கள் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு மாறினார்கள். ஆனாலும் முழுதாக விட மனசில்லை. 'அன்சார்ட்டட்' கேமில் கதை நகர்த்தும் ஸ்கிரிப்ட் வேலைக்கு லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியையே வைத்துக்கொண்டார்கள்.

போனில் பேசிக்கொண்டே பழுது பார்த்த கதை

இந்த வசதியின் அருமை கேமுக்கு வெளியே இன்னும் தெளிவாகத் தெரிந்த ஒரு சம்பவமும் உண்டு. 1995-ல் பால் கிரஹாம், ராபர்ட் மோரிஸ் ஆகியோர் வயாவெப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். வியாபாரிகள் தாங்களே ஆன்லைன் கடை அமைத்துக்கொள்ளும் சாஃப்ட்வேர். முக்கியப் பகுதி லிஸ்ப்பில் எழுதப்பட்டது. கடைக்காரர் ஒருவர் போன் செய்து ஏதாவது பிழையைச் சொன்னால், கிரஹாம் அவருடைய கணக்குக்குள்ளேயே போய், அதே பிழையைத் தன் கண்ணால் பார்ப்பார். பல சமயம் அந்தக் கடைக்காரர் லைனில் இருக்கும்போதே திருத்தி முடித்துவிடுவாராம். 'இப்போ மறுபடி முயற்சி செய்து பாருங்க' என்றால் சரியாக வேலை செய்யும். இதை அவரே எழுதியிருக்கிறார். 1998-ல் யாஹூ அந்த நிறுவனத்தை வாங்கியது. பின்னாளில் யாஹூவும் அதை வேறு மொழிகளில் மாற்றி எழுதிவிட்டது. நாட்டி டாக் கதையின் முடிவேதான் இங்கேயும்.

இதைவிடத் தூரத்தில் நடந்தது நாசாவின் 'டீப் ஸ்பேஸ் 1' விண்கல விவகாரம். 1999 மே மாதம், தானாகவே முடிவெடுத்து விண்கலத்தை ஓட்டும் ஒரு லிஸ்ப் புரோகிராமைச் சோதித்தார்கள். நடுவில் அது சிக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. பூமியில் மாதக்கணக்கில் சோதித்தும் கண்ணில் படாத ஒரு பிழை. விண்கலம் இருந்ததோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில். ஆனால் அதற்குள்ளும் ஒரு ரெப்பிள் ஜன்னல் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டால் பதில் வர நிமிடக்கணக்கில் ஆகும் அந்த ஜன்னல் வழியாகத்தான் கோளாறு எங்கே என்று தேடிப் பிடித்தார்கள்.

எல்லாம் சரி, சிக்கல் எங்கே?

பிளம்பர் உதாரணத்துக்குத் திரும்புவோம். நீங்கள் போனில் நம்பரை மாற்றிவிட்டீர்கள். ஆனால் வீட்டில் பாட்டி பழைய நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறார். அவர் கூப்பிட்டால் பழைய ஆள்தான் எடுப்பார். லிஸ்ப்பிலும் இதே தலைவலி உண்டு. புரோகிராமின் ஏதோ ஒரு மூலையில், பெயரைச் சேமிக்காமல் பழைய ஃபங்ஷனையே நேராகப் பிடித்து வைத்திருந்தால், நீங்கள் எத்தனை தடவை மாற்றினாலும் அங்கே பழையதுதான் ஓடும். 'மாத்திட்டேனே, ஏன் மாறல?' என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று ஆட்டத்தின் மையச் சுழற்சி. கேம் என்பது விநாடிக்கு 60 தடவை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சுழற்சி. அந்தச் சுழற்சிக்குள் கூப்பிடப்படும் ஃபங்ஷன்களை மாற்றினால் உடனே பலிக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சுழற்சியையே மாற்றி எழுதினால், அது முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் வரை பழையதுதான். அனுபவசாலிகள் இதனால் சுழற்சியை முடிந்தவரை சின்னதாக வைத்து, வேலையை எல்லாம் வெளியே ஃபங்ஷன்களில் போட்டுவிடுவார்கள்.

ஃபைலை மறுபடி ஏற்றும்போது ஆட்டக்காரர் அதுவரை எடுத்த பாயின்ட் எல்லாம் பூஜ்யமாகிவிடும் விபத்தும் புதியவர்களுக்கு நடக்கும். 'ஏற்கெனவே மதிப்பு இருந்தால் தொடாதே' என்று ஒரு வகை அறிவிப்பும், 'எப்போது ஏற்றினாலும் புதிதாக வை' என்று இன்னொரு வகை அறிவிப்பும் காமன் லிஸ்ப்பில் தனித்தனியாக இருக்கின்றன. எதற்கு எது என்று பழகும் வரை கொஞ்சம் அடிபடத்தான் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, ஓடும் கேமும் ஃபைலில் இருக்கும் நிரலும் மெல்ல மெல்ல வேறு வேறாகிவிடுவது. காலையிலிருந்து நாற்பது இடத்தில் மாற்றியிருப்பீர்கள். ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருப்பீர்கள், ஆனால் பழைய பெயரும் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அதை நம்பி இன்னொரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் அருமையாக வேலை செய்யும். இரவு மூடிவிட்டு மறுநாள் திறந்தால் கேம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. தினமும் ஒரு தடவையாவது எல்லாவற்றையும் மூடி, வெறுமையிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வசதியைத் தொடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

விற்பனைக்கு வந்த ஒரு லிஸ்ப் கேம்

'இதெல்லாம் ஆராய்ச்சிக்கு ஓகே, இப்ப யாராவது இதுல கேம் செஞ்சு விக்கிறாங்களா?' என்று நீங்கள் கேட்கலாம். விற்கிறார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யுகாரி ஹாஃப்னரும் அவருடைய சின்னக் குழுவும் செய்த 'கேண்ட்ரியா' 2023 ஜனவரியில் ஸ்டீமில் வெளியானது. உலகம் அழிந்த பிறகு விழித்தெழும் ஓர் ஆண்ட்ராய்டு பெண்ணின் கதை. நம் ஆரம்பக் காட்சியைப் போலவே ஓடித் தாவும் ரகம். கேமும் சரி, அதற்கு அடியில் இருக்கும் 'டிரையல்' என்ற எஞ்சினும் சரி, காமன் லிஸ்ப்பில் எழுதப்பட்டவை. எஞ்சினை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

இதே குழுவின் இன்னொரு முயற்சி இந்த வசதியின் எல்லையைக் காட்டுகிறது. லிஸ்ப் கேம்களை நின்டெண்டோ ஸ்விட்ச்சில் ஓடவைக்க ஹாஃப்னரும், காமன் லிஸ்ப் கம்பைலர் வல்லுநரான சார்லஸ் ஜாங்கும் வேலை செய்தார்கள். ஸ்விட்ச்சில் ஒரு கண்டிப்பு: ஓடும் புரோகிராம் தனக்குத்தானே புதிய நிரலை உருவாக்கிக்கொள்ள அனுமதி இல்லை. பாதுகாப்புக் காரணம். லிஸ்ப்பின் உயிரே அதுதான்! எனவே எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்பைல் செய்து, அசையாத ஒரு பொட்டலமாக்கி அங்கே அனுப்ப வேண்டியிருந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் இதற்கு ஒப்பான கட்டுப்பாடு உண்டு. அதாவது இந்த மாயம் பெரும்பாலும் டெவலப்பரின் மேஜைக்குத்தான். காசு கொடுத்து வாங்கியவரின் கையில் இருப்பது மற்ற கேம்களைப் போல மூடிய பெட்டிதான். அவருடைய குறையைத் தீர்க்க அப்டேட் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஓடும்போதே மாற்றுவது இன்று லிஸ்ப்புக்கு மட்டும் சொந்தமில்லை. 2012-ல் பிரெட் விக்டர் என்ற வடிவமைப்பாளர் ஓர் உரையில், குதிக்கும் கதாபாத்திரம் அடுத்த சில விநாடிகளில் போகப்போகும் பாதையையே திரையில் கோடாக வரைந்து, எண்ணை இழுத்து இழுத்து அது ஒரு சின்னச் சந்துக்குள் சரியாக நுழையும்படி செய்து காட்டினார். பார்த்த புரோகிராமர்கள் வாயைப் பிளந்தார்கள். 2014-ல் 'ஹேண்ட்மேட் ஹீரோ' என்ற நேரலைத் தொடரை ஆரம்பித்த கேசி முராட்டோரி, சாதாரண சி மொழி பாணியிலேயே இதைச் செய்து காட்டினார். ஆடுபவரின் பட்டன் அழுத்தங்களைப் பதிவுசெய்து, அதே தாவலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அது ஓட ஓடவே நிரலை மாற்றுவது அவருடைய உத்தி. நண்பர் வீட்டுக்குப் போய்விட்டாலும் அவர் விரல்கள் இங்கேயே இருக்கும்! லிஸ்ப்பில் இது பிறவியிலேயே இருக்கிறது, மற்ற இடங்களில் முயற்சி எடுத்துக் கட்ட வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

கை சும்மா இருக்க வேண்டிய நேரம்

உடனே மாற்ற முடிகிறது என்பதற்காக உடனே மாற்றிவிடலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் நண்பர் தாவல் கஷ்டம் என்கிறார், கூட்டுகிறோம். இரண்டாவது ஆள் ரொம்ப சுலபம் என்கிறார், குறைக்கிறோம். மூன்றாமவர் வாள் வேண்டும் என்கிறார். ஒரு மாலை முடிவதற்குள் கேம் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். கம்பைல் செய்யக் காத்திருந்த அந்தக் கால ஆட்களுக்கு, யோசிக்கவாவது ஒரு நிமிடம் கிடைத்தது.

எண்களை எவ்வளவு வேண்டுமானாலும் உடனே மாற்றிப் பார்க்கலாம், திரும்ப வைத்துவிடலாம் என்பதால் அதில் நஷ்டமில்லை. ஆனால் ஆட்டத்தின் விதியையே மாற்றச் சொல்லும் கருத்து வந்தால் குறித்து மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வெவ்வேறு ஆட்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்காமல், அதே இடத்தில் தடுக்கி விழுந்தால் அப்போது கையை வைக்கலாம். இன்னும் ஒன்று: மாற்றியதை ஆடுபவரிடம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் மரியாதைக்காகவாவது 'இப்ப நல்லாருக்கு' என்பார். சொல்லாமல் மாற்றிவிட்டு, அவர் பேசுவதை விட்டுவிட்டுக் கட்டைவிரலைப் பார்க்க வேண்டும். நம் முதல் காட்சியில் நண்பர் கன்ட்ரோலரை மறுபடி கையில் எடுத்து, பள்ளத்தைத் தாண்டி, அதைப் பற்றி எதுவுமே சொல்லாமல் அடுத்த அறைக்குப் போய்விட்டார் என்றால், 0.1 சரியான எண்.

முயன்று பார்க்க வேண்டுமா?

காசு எதுவும் வேண்டாம். எஸ்.பி.சி.எல் என்ற காமன் லிஸ்ப் கம்பைலர் இலவசம். அது கனமாகத் தெரிந்தால், ஃபென்னல் என்ற குட்டி லிஸ்ப் மொழியை 'லவ்' என்ற இலவச 2டி எஞ்சினோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். இண்டி உலகில் பலர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். லிஸ்ப்பில் மட்டுமே கேம் எழுத வேண்டும் என்ற விதியோடு 'லிஸ்ப் கேம் ஜாம்' என்ற போட்டி இட்ச் தளத்தில் தொடர்ந்து நடக்கிறது. பத்து நாள் அவகாசம், ஜெயித்தாலும் தோற்றாலும் மற்ற பங்கேற்பாளர்கள் உங்கள் கேமை ஆடிப் பார்த்து ஃபீட்பேக் எழுதுவார்கள். முதல் நாள் ரெப்பிளைத் திறந்து (+ 2 3) என்று தட்டிப் பாருங்கள். 5 என்று வரும். அதை மூடாமலே அடுத்த வரியை எழுத ஆரம்பியுங்கள்.